வழிகாட்டு ஆசிரியர் வந்த வரலாறு

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல்லுக்கு வழி என்பதும் ஒரு பொருள். வள்ளல் ஒருவனைக் கண்டு பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனை நிறுத்தி, ‘இன்னாரிடம் செல்க, இவ்வழியே செல்க’ என்று கூறுவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் இவ்வகையைச் சார்ந்தவை. பள்ளிகளில் இன்று நடைபெறும் ‘கவுன்சலிங்’ என்னும் பணியை ஆற்றுப்படுத்தல் என்று சிலர் தமிழில் வழங்குவது இது பற்றியே.

ஆற்றுப்படையில் கருதத்தக்க செய்திகள் இரண்டு உண்டு. வழி கூறுகின்றவன் அவ்வழியில் தானே சென்று வந்தவன் என்பது ஒன்று. எதிரே வருபவனுக்காக நின்று பேச அவனுக்கு நேரம் இருந்தது என்பது மற்றொன்று. அறிவும் நேரமும் ஆகிய இவ்விரண்டும் ஒருவரிடத்தே கூடினாலன்றி வழிகாட்டும் பணி நடைபெறாது. ஒரு நாட்டின் பள்ளிகளில் இவை கூடவேண்டுமானால், பயிற்சிக்குப் பொருளும் பணிக்குப் பதவியும் அரசு ஒதுக்கித் தரவேண்டும்.

மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் வழிகாட்டும் பணி நடைபெறவேண்டும் என்று கல்வி அமைச்சு சுற்றறிக்கை விடுத்தது 1966-ஆம் ஆண்டில். அப்பணியையே முழுநேரத் தொழிலாகச் செய்யும் ஆசிரியருக்குப் பதவி அமைந்தது 1996-ஆம் ஆண்டில். ஆணைக்கும் ஆளுக்கும் இடையே முப்பது ஆண்டுகள் கழிந்தன. இம்முப்பது ஆண்டுகளின் வரலாறு தமிழாசிரியர்கள் அறிந்திருக்கவேண்டிய ஒன்று. தமிழ்ப்பள்ளிகளை விட்டுச் சென்ற பிள்ளைகள் பல்லாயிரவர் அக்காலத்திலேதான் இடைநிலைப்பள்ளியின் வாயிலைக் கடந்தனர்.

ஒரு பழைய பாடம்

ஆணை முன்னே வருவதும் ஆள் பின்னே வருவதும் தமிழ்ப்பள்ளிகளுக்குப் புதியனவல்ல. கூட்டு மலாய் மாநிலங்களில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் குடியிருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்று விதித்தது. நல்ல விதிதான். ஆயினும் அப்பள்ளியில் பாடம் சொல்லித் தருபவர் எத்தகைய பயிற்சி பெற்றிருக்கவேண்டும், அவருக்கு வேறு வேலை இருக்கலாமா என்பன போன்ற வினாக்களுக்குத் தோட்டங்களில் விடையில்லாமல் இருந்தது. அதனால் பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ தம் வேலைக்கு இடையே சிறிது நேரம் வந்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தனர். கொட்டகை இருந்தது, பிள்ளைகள் இருந்தனர், பதிவேட்டில் பள்ளி என்றும் எழுதப்பட்டிருந்தது. ஆசிரியர் மட்டும் பாதி ஆசிரியராகவே இருந்தார்.

அக்காலத்துப் பிள்ளைகள் காலையில் பால்வெட்டுக்குச் சென்ற பெற்றோருக்குத் துணையாய்ப் போய், பின்னர் வந்து படித்ததும் உண்டு. அவர்களுள் எத்தனை பேர் நன்கு கற்றிருக்கக்கூடும் என்பதை இன்று கணக்கிட இயலாது. பள்ளி வேண்டும் என்னும் ஆணையோடு ஆசிரியருக்கான ஏற்பாடும் சேர்ந்தே வந்திருந்தால் அவ்வினாவே எழுந்திராது. வழிகாட்டும் பணியிலும் இதே நிலை மீண்டும் ஏற்பட்டது.

கதவு திறந்த காலம்

1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும், 1960-ஆம் ஆண்டு ரஹ்மான் தாலிப் அறிக்கையும், 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் இந்நாட்டுக் கல்வியமைப்பை உருவாக்கிய படிகள். அக்காலத்தில் தொடக்கப்பள்ளியின் ஆறாம் ஆண்டு முடிவில் ஒரு தேர்வு இருந்தது. அதில் தேறியவரே இடைநிலைப்பள்ளி செல்லலாயினர். தேறாத பிள்ளையின் பள்ளி வாழ்வு பன்னிரண்டு வயதோடு பெரும்பாலும் முடிந்தது. தோட்டத்துப் பிள்ளையாயின் அடுத்த விடியலில் பெரட்டுக் களம் அவனுக்காகக் காத்திருந்தது.

அத்தேர்வு 1964-இல் நீக்கப்பட்டது. 1965 முதல் தொடக்கப்பள்ளியை முடித்த பிள்ளைகள் எல்லாரும் தேர்வின்றியே இடைநிலைப்பள்ளிக்குச் செல்லலாயினர். பள்ளியில் இருக்கும் காலம் மூன்றாம் படிவம்வரை, அதாவது பதினைந்து வயதுவரை நீண்டது. தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிகளிலிருந்து சென்ற பிள்ளைகள் முதலில் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்து, இடைநிலைப்பள்ளியின் பயிற்று மொழியைக் கற்றுக்கொண்டனர். அப்பொழுது ஆங்கிலமும், 1976 முதல் படிவம் படிவமாக மலாயும் பயிற்று மொழியாயின.

கதவு திறந்தது மெய்; உள்ளே மற்றொரு கதவு இருந்ததும் மெய். மூன்றாம் படிவ முடிவில் எழுதவேண்டிய எல்.சி.இ. தேர்வே அக்கதவு. அதில் தேறியவர்க்கே நான்காம் படிவம் கிடைத்தது. தேறியவர்க்கும் வேறு வினாக்கள் காத்திருந்தன. அறிவியல் பிரிவா, கலைப் பிரிவா? தொழில்நுட்பப் பள்ளியா? தேறாதவர் எங்குச் செல்வது? தொழிற்பயிற்சி எங்கே உண்டு? பதினைந்து வயதுப் பிள்ளை இவற்றுக்குத் தானே விடை காணவேண்டியிருந்தது. படித்த பெற்றோரின் பிள்ளை வீட்டிலே கேட்டறிந்தான். இடைநிலைப்பள்ளியின் வாயிலை மிதித்தறியாத பெற்றோரின் பிள்ளைக்கோ வீட்டில் வழி கூற எவரும் இலர். தோட்டப்பள்ளித் தலைமையாசிரியரிடம் வந்து கடிதம் படிக்கவும் மனு எழுதவும் உதவி கேட்ட பெற்றோர், இதையும் அவரிடமே கேட்டனர். அவரோ தொடக்கப்பள்ளி ஆசிரியர். இடைநிலைப்பள்ளியின் உட்செய்திகளை அவரும் பிறரிடம் கேட்டே அறியவேண்டியிருந்தது.

ஆகவே, பள்ளிக்குள்ளே வழிகாட்ட ஒருவர் தேவைப்பட்டது அக்காலத்திலேதான். வசதி உள்ளவனுக்கு அவர் கூடுதல் துணை. இல்லாதவனுக்கு அவர் ஒருவரே துணை.

எண்ணம் பிறந்த இடம்

பள்ளியில் வழிகாட்டும் பணி என்னும் எண்ணம் அமெரிக்காவில் வளர்ந்தது. மிச்சிகன் மாநிலத்து கிராண்டு ராப்பிட்ஸ் நகரில் ஜெஸ்ஸி டேவிஸ் என்னும் தலைமையாசிரியர், 1907-ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாடத்தின் கட்டுரைப் பயிற்சியிலேயே தொழில் பற்றியும் ஒழுக்கம் பற்றியும் மாணாக்கரைச் சிந்திக்கச் செய்தார். 1908-இல் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பார் இளைஞர்கள் தொழில் தேர்ந்துகொள்ள உதவும் பணியகம் ஒன்றை நிறுவினார். தன்னை அறிதல், தொழிலை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்பதே அவர் நெறி. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார்; அவர் நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது.

இங்ஙனம் எண்ணம் தோன்றியும் ஐம்பது ஆண்டுகள்வரை அஃது ஆங்காங்கே வளர்ந்ததேயன்றி நாடு முழுதும் பரவவில்லை. பரவச் செய்தது அச்சமே எனலாம். 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத்து நாடு ஸ்புட்னிக் என்னும் செயற்கைத் துணைக்கோளை விண்ணில் ஏவியது. தம் பிள்ளைகளின் அறிவியற் கல்வி பின்தங்கிவிட்டதோ என்று அமெரிக்கர் அஞ்சினர். ஓராண்டுக்குள், 1958 செப்டம்பர் 2-ஆம் நாள், தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தில் அதிபர் ஐசனோவர் கையொப்பமிட்டார்.

அச்சட்டத்தின் ஐந்தாம் பகுதி முழுதும் வழிகாட்டும் பணிக்கென்றே வகுக்கப்பட்டது. அதில் பணம் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தமை கருதத்தக்கது. பள்ளிகளில் திறன் தேர்வும் வழிகாட்டுப் பணியும் நடத்த மாநிலங்களுக்கு ஆண்டுதோறும் 1.5 கோடி டாலர்வரை ஒதுக்கலாம் என்றது முதற்கூறு. முதலாண்டுக்குப்பின் மாநிலமும் பாதிச் செலவை ஏற்கவேண்டும். இரண்டாம் கூறு வழிகாட்டு ஆசிரியர்களுக்குப் பல்கலைக்கழகங்களில் பயிற்சி தருவதற்கு. இதற்கு முதலாண்டில் 62.5 இலட்சம் டாலரும், அடுத்த ஆண்டுகளில் 72.5 இலட்சம் டாலரும் குறிக்கப்பட்டன. பயிற்சிக்கு வரும் அரசுப்பள்ளி ஆசிரியருக்கு வாரம் 75 டாலர் படி. அவரை நம்பியிருக்கும் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மேலும் 15 டாலர்.

ஆசிரியர் பயிற்சிக்குச் சென்றால் வீட்டில் அடுப்பெரியவேண்டும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் மறக்கவில்லை. தொண்டு என்னும் சொல்லைச் சொல்லி ஆசிரியரின் தலையில் வேலையை ஏற்றுவது எளிது. தொண்டு செய்பவரின் வீட்டையும் எண்ணிப் பார்ப்பது அரிது.

அடுத்த ஆண்டில், அதாவது 1959-இல், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் அமெரிக்க உயர்நிலைப்பள்ளிகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். 250 முதல் 300 மாணாக்கர்க்கு ஒரு முழுநேர ஆலோசகர் வேண்டும் என்று அவர் அதில் பரிந்துரைத்தார். இப்பணி எத்தனை பேருக்கு ஒருவர் என்று எண்ணால் அளந்து கூறப்பட்டமை பெரிய முன்னேற்றம். ‘வேண்டும்’ என்பது விருப்பம். ‘இத்தனை வேண்டும்’ என்பது கணக்கு. கணக்கு எழுதியபின்னரே கருவூலம் திறக்கும்.

அச்சட்டத்திலும் குறை இல்லாமல் இல்லை. மிகுதிறன் வாய்ந்த மாணாக்கரைக் கண்டுபிடித்து அறிவியற்றுறைக்கு அனுப்புவதே அதன் நோக்கம். இடர்ப்படும் மாணாக்கர் அதன் கண்ணில் முதலிற் படவில்லை. 1964-ஆம் ஆண்டுத் திருத்தத்திலேதான் தொடக்கப்பள்ளி மாணாக்கரும் அதன் வரம்புக்குள் வந்தனர். எனினும், பொருளும் பயிற்சியும் பதவியும் ஒருசேர வந்தால் ஒரு பணி எவ்வளவு விரைவில் வேரூன்றும் என்பதற்கு அச்சட்டம் சான்று.

இந்நாட்டிற்கு வந்தபோது

கடல் கடந்து இந்நாட்டிற்கு வந்த எண்ணம், தன்னுடன் வரவேண்டிய பணப்பையை அங்கேயே விட்டுவிட்டு வந்தது. 1960-களில் கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடாவிலிருந்து வந்த கல்வி வல்லுநர்கள் கல்வி அமைச்சுக்குத் துணைநின்றனர். 1963 முதல் இப்பணிக்கான முயற்சிகள் அமைச்சில் தொடங்கின; ஆசிரியர்க்குரிய கையேடுகளும் பின்னர் உருவாயின. 1966 மார்ச்சில் வந்த சுற்றறிக்கை, பள்ளிகளில் வழிகாட்டும் பணி நடைபெறவேண்டும் என்று அறிவுறுத்தியது. 1968-இல் மீண்டும் ஒரு சுற்றறிக்கை வந்தது.

இவ்வாணைகளின் நோக்கத்தைக் குறைகூற இடமில்லை. கதவு திறந்த மறு ஆண்டிலேயே உள்ளே வந்தவர்க்கு வழிகாட்டவேண்டும் என்று எண்ணியவர்கள் தொலைநோக்குடையவர்களே. ஆனால் புதிய பதவி உருவாகவில்லை. பள்ளியில் ஏற்கெனவே பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர் ஒருவரே ‘வழிகாட்டு ஆசிரியர்’ எனப் பெயரிடப்பட்டார். விடுமுறையில் குறுகிய காலப் பயிற்சி கிடைத்தால் சென்று வந்தார். கிடைக்காவிடில் கையேட்டைப் படித்துக்கொண்டார். பெயர் கூடியது, பாடவேளை அவ்வளவாகக் குறையவில்லை.

அரசின் நிலையும் ஈண்டு எண்ணத்தக்கது. 1965-க்குப்பின் திடீரெனப் பெருகிய மாணாக்கர்க்கு வகுப்பறை வேண்டும்; வகுப்பறைக்கு ஆசிரியர் வேண்டும்; கணிதத்திற்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் போதவில்லை. அந்நெருக்கடியில் வகுப்பே எடுக்காத ஓர் ஆசிரியருக்குச் சம்பளம் தருவது ஆடம்பரமாகத் தோன்றியிருக்கலாம். எரிகின்ற வீட்டில் முதலில் எதைக் காப்பது என்னும் வினா அது. ஆயினும் நெருக்கடி தீர்ந்த பின்னரும் ஏற்பாடு மாறாமல் நின்றது என்பதே வரலாறு காட்டும் குறை. தற்காலிகம் என்று வைத்ததுதான் பல நேரங்களில் நிலைத்துவிடுகிறது.

எட்டு நிமிடக் கணக்கு

பகுதிநேரப் பணி என்றால் என்ன என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஆயிரம் மாணாக்கர் பயிலும் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்க. வழிகாட்டு ஆசிரியருக்கு வாரத்தில் ஐந்து பாடவேளைகள் இப்பணிக்கென விடப்பட்டன என்று கொள்க. பாடவேளை ஒன்றுக்கு 40 நிமிடமாயின் வாரத்திற்கு 200 நிமிடம். ஆண்டுக்கு 40 வாரமாயின் 8,000 நிமிடம். அதை ஆயிரம் பேருக்குப் பகிர்ந்தால், ஒரு மாணாக்கனுக்கு ஓர் ஆண்டில் கிடைப்பது எட்டு நிமிடம்.

எட்டு நிமிடத்தில் ஒரு பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் கேட்கலாம். தேர்ச்சி அறிக்கையைப் பார்க்கலாம். தந்தை வேலையிழந்த செய்தியை அப்பிள்ளை வாய்திறந்து சொல்ல அந்நேரம் போதாது. புகுமுக வகுப்பில் மொழி விளங்காமல் பின்வரிசையில் அமைதியாய் அமர்ந்திருக்கும் பிள்ளையோ தானாக எழுந்து ஆலோசகரின் அறைக்கு வரமாட்டான். அவனைத் தேடிச் செல்லவேண்டும். தேடிச் செல்வதற்குரிய நேரம் அந்த எட்டு நிமிடத்தில் இல்லை.

நேரக்குறை ஒருபுறமிருக்க, பணிக்கலப்பு மற்றொரு துன்பமாயிற்று. சில பள்ளிகளில் வழிகாட்டு ஆசிரியரே கட்டொழுங்கையும் கவனித்தார். பிரம்பு வைத்திருக்கும் கையிடம் எந்தப் பிள்ளையும் தன் மனத்தைத் திறந்து காட்டாது. உதவிப்பண விண்ணப்பங்கள், 1975-இல் தொடங்கிய பாடநூல் இரவல் திட்டத்தின் கணக்கு, வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பைப் பார்த்துக்கொள்ளுதல் எனப் பிற வேலைகளும் பல இடங்களில் அவர் மேசைக்கே வந்து சேர்ந்தன. ‘அவருக்கு வகுப்பு குறைவுதானே’ என்பது ஆசிரியர் அறையில் எளிதாக எழும் பேச்சு. கண்ணுக்குத் தெரியாத வேலை வேலையாகக் கருதப்படுவதில்லை.

ஆள் கிடைத்த ஆண்டு

இந்நிலையை மாற்றத் தூண்டியது இங்கும் அச்சமே. அமெரிக்காவுக்கு ஸ்புட்னிக் எப்படியோ, இந்நாட்டிற்குப் போதைப்பொருள் அப்படி. 1983-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் போதைப்பொருளை நாட்டின் முதன்மைப் பகையாக அரசு அறிவித்தது. பள்ளிகளில் அதைத் தடுக்கும் முயற்சியில் வழிகாட்டு ஆசிரியர் முன்னிறுத்தப்பட்டார். 1980-களில் உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலேயே இத்துறையில் முறையான பயிற்சியும் பட்டமும் பெற வழி ஏற்பட்டது. அறிவுக்குரிய ஏற்பாடு இவ்வாறு முதலில் அமைந்தது. நேரத்துக்குரிய ஏற்பாடு இன்னும் காத்திருந்தது.

1993-இல் மற்றொரு மாற்றம் வந்தது. மூன்றாம் படிவத்தில் பி.எம்.ஆர். தேர்வு புகுந்தது, அதன் முடிவு எப்படியாயினும் மாணாக்கர் ஐந்தாம் படிவம்வரை செல்லலாம் என்றாயிற்று. உள்கதவும் திறந்தது. முன்பு வெளியேறியிருக்கக்கூடிய பிள்ளைகள் இப்பொழுது பள்ளியிலேயே இருந்தனர். அவர்களுக்குப் பாடநூல் மட்டும் போதாது என்பது எவர்க்கும் விளங்கியது.

இச்சூழலில், 1996-இல், இடைநிலைப்பள்ளிகளுக்கு முழுநேர ஆலோசகர் பதவி உருவாயிற்று. ஐந்நூறு மாணாக்கர்க்கு ஒருவர் என்பது அளவாகக் கொள்ளப்பட்டது. கோனன்ட் கூறிய எண்ணைவிட இஃது ஏறக்குறைய இருமடங்கு பளு எனினும், முதன்முறையாக இப்பணி கணக்குப் புத்தகத்தில் ஏறியது. முன்பு போட்ட கணக்கையே மீண்டும் போட்டால் வேறுபாடு விளங்கும். ஒரு மாணாக்கனை ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் சந்திப்பதென்றால், ஐந்நூறு பேருக்கு ஐந்நூறு மணி நேரம் ஆகும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் ஒதுக்கினால் நூறு பள்ளி நாள்களில் அது முடியும். எஞ்சிய நாள்கள் பெற்றோரைக் காணவும், இடர்ப்படுவோரைத் தொடர்ந்து கவனிக்கவும் உதவும். எட்டு நிமிடம் ஒரு மணி நேரமாயிற்று.

1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம், 580-ஆம் எண்ணுடைய சட்டமாக நிறைவேறியது. ஆலோசகர்களைப் பதிவுசெய்யவும் அவர்தம் தொழிலை ஒழுங்குபடுத்தவும் அதன்வழி வாரியம் ஒன்று அமைந்தது. ஓய்வு நேர வேலையாய் இருந்தது இவ்வாறு தொழிலாயிற்று.

1966-இல் பதின்மூன்று வயதோடு இடைநிலைப்பள்ளியில் காலெடுத்து வைத்த பிள்ளைக்கு 1996-இல் வயது நாற்பத்து மூன்று. சுற்றறிக்கை அவனுக்காகவே எழுதப்பட்டது. ஆனால் முழுநேர ஆலோசகர் அவன் பிள்ளைக்கே கிடைத்தார். இடைப்பட்ட காலத்தில் தானாக வழி கண்டவர்கள் மேலே சென்றனர். காணாதவர்கள் பள்ளியை விட்டுத் தோட்டத்திற்கும், தோட்டங்கள் துண்டாடப்பட்ட பின்னர் நகரின் ஓரங்களுக்கும் சென்றனர். அவர்களுள் எல்லாரும் ஆலோசகர் ஒருவர் இருந்திருந்தால் உயர்ந்திருப்பர் என்று கூறுதல் மிகை. வறுமையும், மொழித் தடையும், வேலைவாய்ப்பின்மையும் வலிய காரணங்கள். ஆனால் கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய உதவிப்பணமும், தெரிந்திருந்தால் சேர்ந்திருக்கக்கூடிய தொழிற்பள்ளியும் தவறிப்போனமைக்கு வழிகூற ஆளின்மையும் ஒரு காரணமே.

எஞ்சி நிற்பவை

பதவி வந்ததனாலேயே பணி நிறைந்துவிடாது என்பதையும் வரலாறு காட்டுகிறது. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணாக்கர்க்கு ஒருவர் என்பதைப் பரிந்துரைத்து வருகிறது. அத்துணைச் செல்வம் மிக்க நாட்டிலேயே 2022–23 கல்வியாண்டில் 385 பேருக்கு ஒருவர் என்பதே நாட்டுச் சராசரி. நடுவண் அரசின் சட்டம் தொடங்கிவைத்த பணியைத் தாங்கவேண்டிய பொறுப்பு மாநில, வட்டார வருவாயின்மேல் விழுந்தது. பணம் குறையும் ஆண்டில் முதலில் குறைக்கப்படும் பதவிகளுள் ஆலோசகர் பதவியும் ஒன்று. வகுப்பு நின்றால் பெற்றோர் கேட்பர். ஆலோசகர் இல்லையென்றால் எவரும் கேட்பதில்லை.

இந்நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளின் நிலை தனியே எண்ணத்தக்கது. தொடக்கப்பள்ளிகளில் முழுநேர ஆலோசகர் பதவி மாணாக்கர் எண்ணிக்கையைப் பொறுத்தது. தோட்டப்புறத்துச் சிறு பள்ளிகளுக்கு அது எட்டுவதில்லை. 1966-இல் இடைநிலைப்பள்ளியில் இருந்த நிலையே சிறு பள்ளிகளில் இன்றும் தொடர்கிறது. வகுப்பு நடத்தும் ஆசிரியரே அப்பணியையும் சேர்த்துப் பார்க்கிறார். ஐம்பது பேர் படிக்கும் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டையும் ஆசிரியர் அறிவார் என்பது ஓர் ஆறுதல். ஆனால் அப்பிள்ளை ஆயிரவர் பயிலும் இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் நாளில், அவனை அறிந்தவர் எல்லாரும் பின்னே நின்றுவிடுகின்றனர்.

அவ்விடைவெளியில் தமிழாசிரியர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஆறாம் ஆண்டை முடித்துச் செல்லும் பிள்ளையைப் பற்றி, அவன் திறன் எது, தடை எது, வீட்டு நிலை என்ன என்பதை ஒரு தாளில் எழுதி, அவன் சேரும் பள்ளியின் ஆலோசகரிடம் நேரிற் சேர்ப்பிக்கலாம். அதற்குப் புதிய சட்டமோ பெரும்பொருளோ வேண்டா. பெற்றோரும் இடைநிலைப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மூன்று வினாக்களைக் கேட்கலாம். இப்பள்ளியில் ஆலோசகர் எத்தனை பேர்? மாணாக்கர் எத்தனை பேர்? ஆலோசகருக்கு வேறென்ன வேலைகள் தரப்பட்டுள்ளன?

இவ்வினாக்கள் எளியவை. 1966-க்கும் 1996-க்கும் இடையே இவற்றைக் கேட்டவர்கள் போதிய அளவில் இருந்திருப்பின் அந்த முப்பது ஆண்டுகள் சுருங்கியிருக்கலாம். வழி உண்டு என்று அறிவித்தால் மட்டும் வழிப்போக்கன் ஊர் சேர்வதில்லை. அவனுக்காகச் சற்றே நின்று, வழி கூற ஒருவர் வேண்டும். அவர் நிற்பதற்கு ஆகும் செலவை ஏற்பது, பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்த நாட்டின் கடமை.